வெள்ளைக் காராமணிப் பொடி

அந்தச் சோதனைச்சாலையில் வேலை பார்த்தவனுக்குப் புரதம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. ஏழு வருடமாகச் சிவப்புக் காராமணியை ஊறவைத்து, அரைத்து, வடிகட்டி, அதிலிருந்து புரதத்தைப் பிரித்தெடுப்பதே அவன் பிழைப்பு. அப்படிப்பட்டவன் உடம்பில் அந்தச் சரக்கு இருப்பதற்கான தடயமே இல்லையே என்று கீழ்த்தளத்தில் பம்பு பழுதுபார்க்கும் மெக்கானிக் வைத்த பெயர் அது, ஒட்டிக்கொண்டுவிட்டது. மின்விசிறியை ஐந்தில் வைத்தால் அவன் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பான். மூன்றில் வைத்தால் பரவாயில்லை.

சோதனைச்சாலை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பம்புக்கடைக்கு மேலே இரண்டு அறைகள். முதல் அறையில் அரைவை இயந்திரம், வடிகட்டிகள், உலர்த்தும் இயந்திரம், புரதம். இரண்டாவது அறையில் தராசு, சோதனைக் குழாய்கள், நிறத்தை அளக்கும் கருவி, அக்கா. அக்கா என்றால் அவனுடைய சொந்த அக்கா, அவனைவிட ஐந்து வயது மூத்தவள். படித்தவள், ஆராய்ச்சி அவளுடையது. வெளியுலகத்தோடு பேசும் வேலையை அவள் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த வேலையை அத்தானுக்கு யாரும் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார்.

அக்காவின் ஆராய்ச்சி இதுதான். நம் உடம்புக்குள் ஜோடியில்லாத ஒற்றை எலக்ட்ரானை வைத்துக்கொண்டு சில மூலக்கூறுகள் அலைகின்றன. பெண் கிடைக்காத முரட்டு மாப்பிள்ளைகள் மாதிரி. கண்ட வீட்டுக் கதவையும் உடைத்து, இருக்கிற ஜோடியில் ஒன்றைப் பறித்துக்கொண்டு ஓடும். பறிகொடுத்த வீடு அடுத்த வீட்டுக் கதவை உடைக்கும். கொஞ்ச நேரத்தில் தெருவே நாசம். அவரை, பட்டாணி, காராமணி போன்ற விதைகளின் புரதம் தன்னிடம் இருப்பதைத் தானே முன்வந்து கொடுத்து இந்த ரகளையை அடக்கும் என்பது அக்காவின் கட்சி. அதைக் கண்ணால் காட்ட ஒரு ஊதாத் திரவம் உண்டு. அதில் இந்த மாதிரி முரட்டு மூலக்கூறுகள் நிறைந்திருக்கும். புரதக் கரைசலை அதில் விட்டால், ரகளை அடங்க அடங்க ஊதா வெளிறி மஞ்சளாகும். அரைமணி காத்திருந்து எவ்வளவு வெளிறியது என்று அளக்க வேண்டும்.

எட்டு மாதமாக அவர்கள் பொடிக்கு அரைமணி தேவைப்படவில்லை. துளி விழுந்தவுடன் ஊதா ஓடி ஒளிந்தது. ஒருநாள் துளி பிப்பெட்டின் நுனியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே, அது வருகிற சேதியைக் கேட்டுத் திரவம் மஞ்சளாகிவிட்டது என்று அத்தான் தெருத்தெருவாகச் சொன்னார். அந்தக் கரைசலில் நனைத்த ஆப்பிள் துண்டு பத்தொன்பது நாள் வெட்டியது வெட்டியபடி வெள்ளையாக இருந்தது. இருபதாவது நாளும் இருந்திருக்கும், அத்தான் தின்றுவிட்டார். மெக்கானிக் ஒரு சிட்டிகைப் பொடியை வாங்கி வழுக்கைத் தலையில் பூசினார். ஒரு முடி கறுத்தது. பம்பு வாங்க வந்தவர்களிடம் குனிந்து காட்டினார்.

எல்லாவற்றுக்கும் காரணம் பொடியின் வெள்ளை. அதற்கு முன்பெல்லாம் காராமணிப் புரதம் காய்கிறபோது பழுப்பாகி, ஈரச்சுவரைச் சுரண்டிய மாதிரி வரும். அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிடுவாள். ஒருநாள் வடிகட்டியைச் சரியாக அலசாமல் விட்டுவிட்டான் புரதம். வடிகட்டியில் பூசணம் பிடிக்காதிருக்க ஒரு உப்பைக் கரைத்துக் கழுவுவது வழக்கம். அந்த உப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்த வடிகட்டியில் வடிந்த புரதம் காய்ந்தபோது பால்மாவு மாதிரி வந்தது. அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு அவன் பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தாள். அவன் தலையைத் தடவினாள்.

"எப்படிடா?"

"நல்லா கழுவினேன்கா" என்றான் புரதம்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தலையில் கை இருக்கும்போது எப்படிச் சொல்வது? அடுத்த தடவை, உலர்த்தும் முன் கிலோவுக்கு ஒரு ஸ்பூன் அந்த உப்பை அவனே போட்டான். அதற்கடுத்த தடவையும் போட்டான். எட்டு மாதமும் போட்டான். பொடியின் நிறத்தை மட்டும்தான் அது மாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஊதாத் திரவத்தையும் அந்த உப்பே தனியாளாக அடித்து விரட்டுகிறது என்பது அவனுக்குத் தெரியாது. அக்காவுக்கோ பொடியில் உப்பு இருப்பதே தெரியாது. அதனால் பொடிக் கரைசலோடு வெறும் தண்ணீரை மட்டுமே ஒப்பிட்டுப் பார்த்தாள்.

அன்று காலை பதினோரு மணிக்கு ஒரு மதிப்பீட்டாளர் வருவதாக இருந்தது. இந்தப் பொடியை உணவில் சேர்க்கலாம் என்று அக்கா எழுதி அனுப்பிய முடிவுகளைப் படித்துவிட்டு நம்பாமல் நேரில் பார்க்க வருகிறவர். மூன்று வாரத்துக்கு முன் எழுதிய கடிதத்தில் இரண்டு விஷயம் கேட்டிருந்தார். ஒன்று, சோதனைச்சாலையிலுள்ள எல்லா வேதிப்பொருள்களின் பட்டியல், அந்தந்த டப்பாவில் அச்சடித்த எச்சரிக்கையோடு. இரண்டாவது ஒரே வரி: 'உணவு என்கிறீர்கள், நீங்கள் சாப்பிட்டுப் பார்த்தீர்களா?'

சோதனைச்சாலைப் பொருள் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். அத்தானைத் தவிர எல்லோரும் கடைப்பிடித்தார்கள். அந்த ஒரு வரி அவளைக் குத்திவிட்டது. "அந்தம்மா கண்ணு முன்னாடியே ஒரு கிளாஸ் குடிக்கிறேன்" என்று அறிவித்துவிட்டாள்.

பட்டியல் எழுதும் வேலை புரதத்துக்கு. ஒன்பதரை மணிக்கு அலமாரி முன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். இருபத்து மூன்று டப்பாக்கள். ஒவ்வொன்றாகத் திருப்பி, எச்சரிக்கையைப் படித்து, அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்தான். பதினெட்டாவது, கழுவுகிற உப்பு. ஏழு வருடமாகக் கையாண்ட டப்பா. பின்பக்கத்தைத் திருப்பியது அன்றுதான்.

எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தான். 'சல்ஃபைட் உப்பு. ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கடுமையான மூச்சுத்திணறலை உண்டாக்கலாம். அமிலத்துடன் சேர்ந்தால் நச்சு வாயு வெளிப்படும்.'

மறுபடி படித்தான். அது மாறவில்லை.

அக்காவுக்குப் பிறந்ததிலிருந்து வீசிங். சின்ன வயதில் அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போன பகல்களில் அவள் சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். நெஞ்சுக்குள்ளிருந்து விசில் வரும். அவன் ஏழு வயதுப் பையனாக எதிரே உட்கார்ந்து அந்த விசிலைக் கேட்டுக்கொண்டிருப்பான். சத்தம் வந்தால் பயம். நின்றால் அதைவிடப் பயம். அந்தப் பயத்தை எங்கேயோ கட்டிப் போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தான். அது அவிழ்த்துக்கொண்டு வந்து மடியில் ஏறி உட்கார்ந்தது. அடுத்த அறையில் அக்கா பொடியை நிறுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கிராமைப் பத்தாயிரம் கூறு போட்டு அளக்கும் தராசு அது. அவன் நெஞ்சு அடித்த அடியில் தராசின் கடைசி எண் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது.

"கீழ என்னய்யா, பம்பை ஓட்டுறீங்களா?" என்று அக்கா ஜன்னல் வழியே கத்தினாள்.

"இன்னும் ஷட்டரே திறக்கலைம்மா" என்றார் மெக்கானிக்.

புரதம் பதினெட்டாவது வரியை எழுதவில்லை. டப்பாவை அரைவை இயந்திரத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டு, பத்தொன்பதாவதைப் பதினெட்டு என்று எழுதினான். பட்டியல் இருபத்திரண்டோடு முடிந்தது. அக்கா படித்துக்கூடப் பார்க்காமல் கீழே கையெழுத்துப் போட்டாள். தம்பி எழுதியது அல்லவா.

"அக்கா."

"என்னடா?"

"இன்னைக்கு நீ குடிக்க வேணாம்."

"ஏன்?"

காரணம் தொண்டை வரை வந்தது. அங்கே ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்தது. வந்த வழியே இறங்கிப் போய்விட்டது.

"நான் குடிக்கிறேனே" என்றான்.

"நீயா? நல்லா இருக்கும் போ. இதான் மேடம் புரதம் சாப்பிட்ட ஆளுன்னு உன்னைக் காட்டினா, அந்தம்மா செருப்பைக்கூட மாட்டாம ஓடிடும்."

"அப்ப அத்தான் குடிக்கட்டும்."

"உங்க அத்தான் எதைக் குடிச்சாலும் பிரமாதம்பார். போன வாரம் ஃப்ரிட்ஜ்ல இருந்த மாவுத் தண்ணியைக் குடிச்சிட்டு பிரமாதம்னார். அது எலி பிடிக்க ஒட்டுறதுக்குக் காய்ச்சின பசைடா."

"கொஞ்சம் உப்புதான் கம்மியா இருந்துச்சு" என்று அத்தான் முதல் அறையிலிருந்து திருத்தினார்.

உப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் புரதத்தின் பார்வை பொடிப் புட்டிக்குப் போனது. பேச்சு சரிப்படாது, கையால்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்று முடிவு செய்தான். பொடி இருந்த புட்டியை எடுத்தான். அலமாரியில் வைக்கிற மாதிரி இரண்டடி நடந்தான். கையை விட்டான். புட்டி உடையவில்லை. தரையில் ஒருமுறை துள்ளி, உருண்டு, அக்காவின் காலடியில் போய் நின்றது. பிளாஸ்டிக் புட்டி. எப்படி விழுந்தாலும் உடையாது என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு அவனே தேடி வாங்கியது.

"கை நடுங்குதாடா உனக்கு? சாப்பிட்டியா?" என்று அக்கா புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "அந்தம்மா வந்தா நீ பயப்படாதே. எட்டு மாச உழைப்பு. நம்ம பக்கம் எல்லாம் சுத்தமா இருக்கு."

அதே நேரத்தில் அத்தான் உள்ளே வந்தார். இரண்டு கையிலும் இரண்டு எலுமிச்சம்பழம்.

"பச்சைக் காராமணி வாடை அடிக்குமில்ல? ரெண்டு மூடி பிழிஞ்சு விட்டா ஜம்முனு இருக்கும்."

அமிலத்துடன் சேர்ந்தால், என்று டப்பா அவன் தலைக்குள் வாய்விட்டுப் படித்தது.

"அத்தான், எலுமிச்சை வேணாம்!"

"ஏன் மாப்ள, உங்க அக்காவுக்கு எலுமிச்சை ஆகாதா?"

"ஆகாதுன்னு இல்ல..."

"அப்புறம் என்ன, பேய்க்கா நறுக்குறேன்? பானத்துக்குத்தானே." அத்தான் பழத்தை மேசையில் வைத்து உள்ளங்கையால் உருட்ட ஆரம்பித்தார். சாறு நன்றாக வருமாம்.

பதினோரு மணிக்கு மதிப்பீட்டாளர் படியேறி வந்தார். குள்ளமான, அறுபது வயது அம்மாள். மூச்சு வாங்காமல் வந்தார். தராசைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், புரதத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"அவன் எப்பவுமே அப்படித்தான் மேடம்" என்றாள் அக்கா.

பட்டியலை வாங்கி இருபத்திரண்டு வரியையும் படித்தார். "எழுத்து அழகா இருக்கு" என்றார். புரதத்துக்கு அந்த அழகான எழுத்து ஒவ்வொன்றும் எழுந்து நின்று தன்னைக் கை காட்டுவது போலத் தோன்றியது. அடுத்து ஊதாத் திரவம். அக்கா பிப்பெட்டில் ஒரு துளி எடுத்து விட்டாள். கண்ணிமைப்பதற்குள் மஞ்சள். மதிப்பீட்டாளர் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். குலுக்கினார். இன்னொரு முறை செய்யச் சொன்னார். மஞ்சள். நாற்காலியில் சாய்ந்தார்.

"முப்பது வருஷமா இந்தச் சோதனையைப் பாக்குறேன். ஒரு பயறுப் புரதம் இவ்வளவு அவசரப்பட்டு நான் பாத்ததில்ல."

"எங்க காராமணிக்குப் பொறுமை கம்மி மேடம்" என்றார் அத்தான்.

"சரி, கடிதத்துல இன்னொண்ணு கேட்டிருந்தேன்."

அக்கா எழுந்தாள். கண்ணாடி கிளாஸில் மூன்று ஸ்பூன் வெள்ளைப் பொடி. தண்ணீர். அத்தான் எலுமிச்சையைப் பிழிந்தார். பொங்கி நுரைத்தது. தீக்குச்சியைக் கிழித்து மூக்குக்குக் கீழே பிடித்த மாதிரி ஒரு நெடி எழுந்து மேசையைத் தாண்டி வந்தது. காலையிலிருந்து ஜலதோஷம் பிடித்திருந்த அக்காவுக்கு அது தெரியவில்லை. அவள் கிளாஸை வாயருகே கொண்டுபோனாள்.

புரதம் பாய்ந்தான். அவன் பாய்ந்ததை யாரும் பார்க்கவில்லை. முதலில் அறையின் அந்தக் கோடியில் இருந்தான், அடுத்து இந்தக் கோடியில் கிளாஸோடு இருந்தான். ஒரே மடக்கில் அண்ணாந்து குடித்தான். நெடி மூக்கின் பின்பக்கம் ஏறி மண்டைக்குள் நுழைந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இருமல் பிடித்துக்கொண்டது.



"பாத்தீங்களா மேடம்," என்றார் அத்தான், "வாசனை பிடிச்சா பறிச்சுக் குடிக்கிறாங்க!"

மதிப்பீட்டாளர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. தம்பியைப் பார்த்த பார்வையில் அவன் இரண்டு அங்குலம் குறைந்தான். "மன்னிச்சிருங்க மேடம். பொடி நிறைய இருக்கு" என்று இன்னொரு கிளாஸை எடுத்தாள். மூன்று ஸ்பூன். தண்ணீர். அத்தானிடம் இரண்டாவது எலுமிச்சம்பழம் இருந்தது.

புரதம் கையை ஆட்டினான். வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது. 'வேணாம்' என்ற ஒரு சொல்லை வெளியே தள்ளப் பார்த்தான். அது இருமலுக்குப் பின்னால் வரிசையில் நின்றது. அதற்குள் அக்கா இரண்டு மிடறு விழுங்கிவிட்டாள்.

"அக்கா துப்பு!" குரல் இப்போது வந்தது, தேவைக்கு மேலேயே வந்தது. "அதுல கழுவுற உப்பு இருக்கு! நான்தான் போட்டேன்! வெள்ளையா வரணும்னு எட்டு மாசமா போடுறேன்! டப்பாவுல வீசிங் இருக்கிறவங்களுக்கு ஆகாதுன்னு போட்டிருக்கு, நான் இன்னைக்குத்தான் படிச்சேன், பட்டியல்லயும் எழுதலை!"

கிளாஸை அக்கா மெதுவாகக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் முதலில் கோபம் வரவில்லை, கணக்கு வந்தது.

"கிலோவுக்கு எவ்வளவு போட்ட?"

"ஒரு ஸ்பூன்."

"எந்த... ஸ்பூன்?"

"டீ ஸ்பூன்கா. குவிச்சு."

அக்காவிடம் எவ்வளவு மூச்சு மிச்சமிருக்கிறது என்பதைச் சொற்களை வைத்து அளக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ஒரே மூச்சில் முழு வாக்கியம் வந்தால் பயமில்லை. மூன்று சொல் என்றால் கவனிக்க வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் ஓட வேண்டும். முதல் கேள்வியில் மூன்று சொல் ஒட்டி வந்திருந்தன. இரண்டாவது கேள்வி நடுவில் முறிந்துவிட்டது.

"தம்..." என்றாள் அக்கா. அதற்கு மேல் வரவில்லை. சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தாள். நெஞ்சுக்குள்ளிருந்து விசில் கேட்டது. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்பு கேட்ட அதே விசில், ஒரு சுரம்கூட மாறாமல்.

"பையில, பையில இன்ஹேலர்!" என்று புரதம் கத்தினான். அத்தான் அக்காவின் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சாவிக்கொத்து, குடை, கைக்குட்டை, நான்கு பேனா, அத்தானின் மூக்குக்கண்ணாடி, போன மாதம் தொலைந்ததாக வீட்டையே புரட்டிப்போட்ட அந்தக் கண்ணாடி. எல்லாம் விழுந்தன. கடைசியில் நீல நிற இன்ஹேலர் விழுந்தது. அத்தானின் கை அதை எடுக்க மாட்டேன் என்றது. வாழ்நாளில் முதல்முறையாக அத்தானுக்குப் பேச்சு நின்றிருந்தது. புரதம் எடுத்து, குலுக்கி, அக்காவின் வாயில் வைத்து அழுத்தினான். மதிப்பீட்டாளர் ஒன்றும் கேட்காமல் எழுந்து இரண்டு ஜன்னலையும் திறந்தார். கிளாஸை எடுத்துப் போய்த் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டார். திரும்பி வந்து அக்காவை முன்னால் குனிந்து உட்கார வைத்து, தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்றார் அத்தானிடம். அத்தான் கூப்பிட்டார். முகவரியை மட்டும் சொன்னார்.

புரதம் தரையில் மண்டியிட்டிருந்தான். இன்னொரு அழுத்தல். இன்னொன்று. அக்காவின் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நீலம் பாய்கிறதா? ஜன்னல் வெளிச்சமா? அவள் மூச்சை இழுக்கும்போதெல்லாம் அவனும் சேர்த்து இழுத்தான், பாதியை அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்பது போல. என்னைத் திட்டட்டும், அடிக்கட்டும், வீட்டுப் பக்கம் வராதே என்று சொல்லட்டும். சொல்வதற்கு மூச்சு வரட்டும். விசில் கொஞ்சம் தேய்ந்தது. அது நல்லதா, கெட்டதா என்று தெரியாமல் அவன் அவள் முதுகில் காதை வைத்தான். உள்ளே காற்று, குறுகிய சந்தில் சைக்கிள் போவதுபோல இடித்துக்கொண்டு, ஆனால் போய்க்கொண்டிருந்தது.

"தண்ணி" என்றாள் அக்கா. ஒரு சொல்.

கொஞ்சம் பொறுத்து, "காது... எடுடா" என்றாள். இரண்டு.

ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து, நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டு, முகத்தில் மருந்துப் புகை வரும் மூடியை மாட்டினார்கள். பதினைந்து நிமிடம். தப்பித்தீர்கள், மாலைக்குள் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லி, கூடவே வரச் சொன்னார்கள். அக்கா தலையாட்டி மறுத்து, மறுத்ததற்குக் கையெழுத்தும் போட்டாள். அவர்கள் படியிறங்கிப் போனதும் மூடியிருந்த கண்ணைத் திறந்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"அறிவு கெட்டவனே, எட்டு மாசம், எட்டு மாசமா என் பேரைப் போட்டு, என் கையெழுத்தைப் போட்டு, ஊர் பூரா இந்த மனுஷனை வேற கொட்டு அடிக்க விட்டுட்டு, வாயைத் தொறக்காம பொடியை அரைச்சுக்கிட்டு இருந்திருக்கியே, நீயெல்லாம் மனுஷனாடா?"

இருபத்தேழு சொல். ஒரே மூச்சில். புரதம் தரையிலேயே உட்கார்ந்து அழுதான். அத்தானுக்கும் பேச்சு திரும்பியது. "என்னை ஏன் நடுவுல இழுக்குற?" என்றார்.

"இன்னும் முடியலை" என்றாள் அக்கா. மதிப்பீட்டாளரைப் பார்த்தாள். "மேடம், நீங்க போயிடாதீங்க. டேய், அந்த உப்பை எடு. தண்ணியில கரை. அதை மட்டும் ஊதாவுல விடு."

அரைவை இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து அவன் டப்பாவை எடுத்து வந்தான். காராமணிப் புரதம் ஒரு துளிகூடச் சேராத வெறும் உப்புத் தண்ணீர். விட்டான். கண்ணிமைப்பதற்குள் மஞ்சள். இவ்வளவு நாள் பார்த்த அதே மஞ்சள்.

பத்தொன்பது நாள் ஆப்பிளும் மெக்கானிக்கின் ஒற்றை முடியும் அந்தக் குழாய்க்குள் போய் அமிழ்ந்தன. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் அசைவது மூச்சாலா, வேறு எதனாலா என்று புரதம் பயந்தபடி பார்த்தான்.

"பழைய பொடி இருக்கா? அந்தப் பழுப்பு?" என்றாள் திரும்பாமலே.

இருந்தது. உப்பு சேராத காலத்துப் பொடி, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், யாரும் பார்க்காத மூலையில். கரைத்தான். ஊதாவில் விட்டான். ஒன்றும் நடக்கவில்லை. ஊதா ஊதாவாகவே நின்றது.

"அரைமணி" என்றார் மதிப்பீட்டாளர். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

இந்த அரைமணியில் புரதம் பட்ட பயம் வேறு மாதிரி. முந்தையது கத்தச் சொன்னது; இது அசையாதே என்றது. ஊதா இப்படியே நின்றுவிட்டால் அக்காவின் ஏழு வருடமும் பொய். அதைப் பொய்யாக்கியவனும் பார்த்துக்கொண்டிருப்பவனும் அவனே. பத்து நிமிடம். ஊதா. இருபது நிமிடம். வெளுத்த மாதிரி இருந்தது. கண்ணைத் துடைத்துப் பார்த்தால் ஊதா. அத்தான் இரண்டு முறை "மஞ்சளடிக்குது" என்றார். இரண்டு முறையும் அக்கா "சும்மா இருங்க" என்றாள். முப்பதாவது நிமிடம் அவளே குழாயை எடுத்துக் கருவியில் வைத்தாள். எண்ணைப் பார்த்தாள். காகிதத்தில் கணக்குப் போட்டாள். இன்னொரு முறை போட்டாள்.

"முப்பத்தி நாலு சதவீதம்."

"காராமணிக்கு அது மோசமில்ல" என்றார் மதிப்பீட்டாளர். "நான் நம்பக்கூடிய எண்ணு."

பிறகு நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார். "ஆனா சாப்பிட்டுப் பாத்தீங்களான்னு கேட்டிருந்தேன். அதுக்கு இன்னும் பதில் வரலை."

அக்கா தம்பியைப் பார்த்து மோவாயை மட்டும் அசைத்தாள். புரதம் பழுப்புப் பொடி மூன்று ஸ்பூனைத் தண்ணீரில் கரைத்தான். மழைக்காலத்துக் குட்டை மாதிரி இருந்தது. மூக்கைப் பிடிக்காமல் கடைசிவரை குடித்தான்.

"பிரமாதம்னு சொல்லு" என்று அத்தான் காதோரம் முணுமுணுத்தார்.

"எப்படி இருக்கு?" என்றார் மதிப்பீட்டாளர்.

புரதம் அக்காவின் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் தெரியவில்லை. அதைப் பார்த்தே உள்ளங்கால் வரை பயந்தான்.

"கேவலமா இருக்கு மேடம்" என்றான்.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

"டாக்டர்கிட்ட நாலு மணிக்குப் போறேன்" என்றாள் அக்கா. பத்துச் சொல்லுக்கு மேல் போனாலும் மூச்சு அறுபடவில்லை என்பதைத் தானே சோதிப்பவள் போலத் தொடர்ந்தாள். "அதுக்குள்ள இதை இன்னும் ரெண்டு தடவை போட்டுப் பாக்கணும். ஒரு தடவை வந்த எண்ணை எவனும் மதிக்க மாட்டான். போய்க் குழாயையெல்லாம் கழுவு."

புரதம் குழாய்களை அள்ளிக்கொண்டு தொட்டிக்குப் போனான். கழுவுகிற உப்பு டப்பா மேசைமேல் திறந்தபடி இருந்தது. கை அதன் பக்கம்கூடப் போகவில்லை. வெறும் தண்ணீரில் கழுவினான், ஒவ்வொரு குழாயையும் ஒன்பது முறை. ஒவ்வொரு முறையும் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, அடுத்த அறையில் அக்கா மூச்சு விடுவது கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டு.